ஒன்றுக்கு முப்பத்தாறு

நாரஹேன்பிட்டியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே
எங்கள் அணை என் இடுப்பளவு.
செங்கல், சீமெந்து, பெர்ஸ்பெக்ஸ் தகடு,
மூன்று மதகுக்கும் பித்தளைக் கதவு.
நிலத்தடித் தொட்டியிலிருந்து பம்பில் ஏற்றி
வழிந்ததை மறுபடி ஏற்றி
குளோரின் மணக்கும் ஒரே குழாய்த் தண்ணீரை
மூன்று மாதமாக
வெள்ளமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நீளம் முப்பத்தாறில் ஒன்று.
நேரம் ஆறில் ஒன்று.
பாய்ச்சல் ஏழாயிரத்து எழுநூற்று எழுபத்தாறில் ஒன்று.
அங்கே பன்னிரண்டு மணி நேரம் வரக்கூடிய பெருக்கு
இங்கே காலைத் தேநீருக்குப் பின் வந்து
மஃரூப் நானா ஜும்ஆவுக்கு வுழூ செய்யப் போகுமுன்
வடிந்துவிடும்.

குமிழி மட்டும் கணக்குக்குள் வராது.
எவ்வளவு சின்ன அணை கட்டினாலும்
அது தன் பருமனிலேயே இருக்கும்.
அறிக்கையில் இதற்கென்று ஒரு பந்தி எழுதுவோம்;
யாரும் வாசிப்பதில்லை.

மதகைத் தாண்டும்போது தண்ணீர் கண்ணாடி.
வழுவழுப்பாக, சத்தமே இல்லாமல்,
தன் வேகம் தனக்கே தெரியாததுபோல.
தணிப்புத் தொட்டியின் கட்டைகளில் முட்டியதும்
எழும், உருளும், பின்னோக்கிப் புரளும்,
வெள்ளையாய்க் கத்தும்.
அந்த இடத்திலேயே நின்று கத்தவேண்டும்,
அவ்வளவுதான் நாங்கள் அதனிடம் கேட்பது.
வந்த கோபத்தைச் சீமெந்துக்குள் கொட்டிவிட்டு
ஆற்றுக்குள் அலுத்துப்போன தண்ணீராய்ப் போ.

செவ்வாய்க்கிழமை விஜேதுங்க மஹத்தயா வந்தார்.
சப்பாத்து நனையாமல் விளிம்பில் நின்று
தொட்டியில் நாலு மீற்றர் குறைத்தால்
எவ்வளவு கொங்கிறீற்று மிச்சம் தெரியுமா என்றார்.
தெரியும்.
இங்கே அது பதினொரு சென்டிமீற்றரும் ஒரு நூலும்.
நானா அரிந்தார்.
கருகிய பெர்ஸ்பெக்ஸ் மணம்
இரண்டு நாள் என் தலைமுடியில்.

வியாழன் காலை கீழாற்று மணலைச் சமப்படுத்தியபின்
கரையில் ஒரு தீப்பெட்டியை வைத்தார்.
"இது என்ன?"
"ஊடு, மிஸ்."
"வரைபடத்தில் இல்லையே."
"ஊடுகள் எப்ப வரைபடத்தில இருந்த?"
அவர் வெல்லம்பிட்டிக்காரர்.
அலுமாரியை மேசைமேல் ஏற்றிவைத்து வாழ்பவர்.

நொடிக்கு நூற்றிருபத்தெட்டு லீற்றர்.
வால்நீரை ஒவ்வொரு மில்லிமீற்றராக இறக்கினேன்.
வெள்ளை உருளை கொஞ்சம் நடுங்கியது,
ஒரு கட்டையை விட்டது,
அடுத்ததையும் விட்டது,
பிறகு கடைசிப் படியைத் தாண்டி
கண்ணாடியாகவே மணலுக்குள் இறங்கியது.
அவ்வளவு அமைதியாக ஒன்று தோற்பதை
நான் பார்த்ததில்லை.
நானா எதுவும் சொல்லவில்லை. நானும்.

அப்போது கரண்ட் போனது.
பம்பு இருமி நின்றது.
எல்லா நீரும் தொட்டிக்குத் திரும்பியபின்
குழியில் முள்ளளவி வைத்துப் பார்த்தோம், கைபேசி வெளிச்சத்தில்.
ஒன்பது சென்டிமீற்றர்.
அங்கே மூன்றே கால் மீற்றர் ஆழம்.
எழுதிக்கொண்டேன்.

தீப்பெட்டி வடிகட்டியில் கிடந்தது.
கை சும்மா இராமல் அதையும் அளந்தேன்.
நீளம் ஐந்து. முப்பத்தாறால் பெருக்கினால்
நூற்றெண்பது.
வீட்டுக்குக் காணாது.
ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் சரியாக இருக்கும்.

அறிக்கையில் இதை எந்த அட்டவணையில் போடுவது?
"குறைக்கப்பட்ட நீளம் ஏற்புடையதல்ல" என்று எழுதினேன்.
"பரிந்துரைக்கப்படவில்லை" என்று
அவர்கள் அதை மெதுவாக்குவார்கள்.
மெதுவாக்கட்டும். ஒன்பது ஒன்பதுதான்.

நாலு மணிக்கு மழை.
வெள்ளவத்தைக்குப் போகும் 141இல் ஜன்னலோரம்.
ஹவ்லொக் வீதியில் கான் நிரம்பி
மூடியை முட்டி நுரைத்தது.
பஸ் நின்ற ஒரு நிமிடம்
ஒரு நிமிடமாகவே இருந்தது.
குனிந்து பார்த்தேன்.
குமிழிகள்
அதே பருமன்.